பிறந்தநாள் மீன்கள்

என் கணவருக்கு மட்டாஞ்சேரியில் ஏலக்காய் வியாபாரம். மலையில் சின்னதாக ஒரு ஏலத்தோட்டமும் உண்டு. பூண்டு கூடத் தொடாத மனுஷர். 1970களின் கடைசியில் அவருக்குப் புண்ணியக் கிறுக்கு பிடித்தது. வருஷா வருஷம் தன் பிறந்த நட்சத்திரத்தன்று, இடக்கொச்சிக் காயலில் பிடித்த ஜிலேபி மீன்களை உயிரோடு விலைக்கு வாங்குவார். தகர டின்னில் தண்ணீரோடு பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே போய், தோட்டத்து ஓடையில் விடுவார். வலைக்காரன் கைக்கு எட்டாத இடமாம். அவற்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் குறுக்கே கல்லணை வேறு கட்டினார்.

அந்த ஓடையில் வரி போட்ட குட்டி மீன்கள் முன்பே இருந்தன. மலைத் தண்ணீரை விட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. சில வருஷம் கழித்து ஒரு கோடையில் போனபோது, அணைக்குள் அந்த வரிக்குட்டிகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஜிலேபிகள் அடிமணலைக் குழி குழியாகத் தோண்டித் தண்ணீரையே சேறாக்கி வைத்திருந்தன. மேலே அருவியடியில் மட்டும் குட்டிகள் கொஞ்சம் மிச்சமிருந்தன. அவையும் போனால் அவ்வளவுதான்.

"ஏன்னா, உங்க புண்ணியம் இதுகளோட வம்சத்தையே தின்னுடுத்தே!" என்று கத்தினேன். கோபம் வந்தால் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்களா என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை.

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "காப்பாத்திக் கொண்டுவந்தவனே எப்படிடி கொல்லச் சொல்வேன்?"

தோட்டத்து ஆட்கள் என்னவோ குழம்புக்குத் தயாராகத்தான் நின்றார்கள்.

"கொல்ல யார் சொன்னா? வந்த ஊருக்கே அனுப்புங்கோ," என்றேன்.

மறுநாள் அவரே கடப்பாரையை எடுத்து அணையை உடைத்தார். தண்ணீர் வெளியேறும் வாயில் அவருடைய பழைய வேட்டியைக் கட்டி, பொடிக்குஞ்சுகூடத் தப்பாமல் வடிகட்டினோம். ஜிலேபிகள் டிரம்களில் ஏறி, ஏலக்காய் மூட்டைகளோடு லாரியில் மலையிறங்கி, இடக்கொச்சிக் காயலுக்கே போய்ச் சேர்ந்தன. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர், "சாமிக்கு வட்டாணோ?" என்று சிரித்தார். பைத்தியமா என்றுதான் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, இவருக்கு வரவில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி மலைக்குப் போனோம். ஓடை சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தபடி நின்றார். ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று நான் கிட்டப் போனேன்.

"சத்தம் போடாம வா," என்றார்.

பாறை நிழலில் வரிக்குட்டிகள். கூடவே நகத்தளவுக் குஞ்சுகளும். அப்பாடா என்று ஈரப்பாறையிலேயே உட்கார்ந்தேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாரும் கொண்டுவந்து விடாமயே வந்திருக்குடி," என்றார்.