அக்காதான் வில்லி

பேருந்துப் பணிமனையில் யார் எந்த வண்டியை ஓட்டுவது என்று டியூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. நாற்பது டிரைவர்களும் ஆளுக்கொரு சாக்கு சொல்வார்கள். எந்தச் சாக்கில் எங்கே ஓட்டை என்று தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிடுவாள். அந்த மூளையை நம்பித்தான் அவள் தம்பி நாவல் எழுதினான்.

அவனுடையது மாய உலகத்துப் பந்தய நாவல் வரிசை. ஆட்டத்தில் தோற்றவன் நிழலையோ குரலையோ இழப்பான்; கதாநாயகன் புத்தியை மட்டும் வைத்து ஜெயிப்பான். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு ஆட்டத்தையும் அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்ப்பார்கள். அக்காதான் வில்லி. அவள் ஜெயித்தால் அத்தியாயம் குப்பைக்கூடைக்கு. தயவு தாட்சண்யமே கிடையாது. பாகத்துக்கு ஓர் ஆட்டம். இதுவரை வந்த பதினோரு பாகங்களில் ஒரு வாசகராலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை என்பதில் தம்பிக்குத் தலைகால் புரியாத பெருமை.

கடைசியான பன்னிரண்டாம் பாகத்தில் ராணி ஒன்பது கதவுகளில் ஒன்றின் பின்னால் சாவியை ஒளிக்கிறாள். அவள் ஒரே ஒரு பொய் சொல்லலாம். நாயகன் அந்தப் பொய்யை முன்பே செலவழிக்க வைத்துவிட்டு, சாவி எங்கே என்று கேட்கிறான். இதற்கு முன் மூன்று விதமாக எழுதி மூன்று தடவையும் அக்காவிடம் தோற்றிருந்தான் தம்பி. மறுநாள் பதிப்பகத்தின் கெடு. முகம் செத்துப்போயிருந்தது. நாலாவது ஆட்டத்திலும் ராணி ஜெயிக்கும் வழி அக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்தது: பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று விதியில் இல்லை. ராணி வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஏழாவது கதவு" என்றாள்.

அவன் துள்ளிக் குதித்துக்கொண்டு பதிப்பகத்துக்கு அனுப்பினான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரே டிரைவரை இரண்டு வண்டியில் ஏற்றி ஏச்சு வாங்கினாள். கடைசியில் மனசு கேட்காமல் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பதிப்பகத்துக்குப் போன் போட்டு அச்சை நிறுத்தச் சொன்னான். அப்புறம் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவ விட்டுக் குடுத்தக்கா?"

"சத்தியமா இந்த ஒரு தடவதான்டா."

நம்பத்தான் ஆசைப்பட்டான், முடியவில்லை. அலமாரியிலிருந்து முதல் பாகத்தை எடுத்து மேசையில் வைத்தான். "உட்காருக்கா. மொதல்லேர்ந்து ஆடலாம்."

அவள் பணிமனைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஜெயிக்கத்தான் ஆடினாள், தன் புத்தி முழுவதையும் போட்டு. பதினோரு ஆட்டத்திலும் தோற்றுவிட வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.