முப்பத்தொன்றாம் எண் வீட்டின் ஒரே அம்பு

நாடாவின் ஒரு முனையை அம்மா பிடித்துக்கொண்டாள். மறுமுனை என்னிடம் இருந்தது. முப்பத்தொன்றாம் எண் வீட்டின் குளியலறைக் கதவை அளந்துகொண்டிருந்தோம். என் பையில் லேசர் கருவி இருந்தது. அதை வெளியே எடுக்க அவள் விடவில்லை.

"அது சொல்ற நம்பர் எங்கிருந்து வருதுன்னு யாருக்குத் தெரியும்? நாடான்னா கண்ணால பாக்கலாம்."

"எண்பத்திரெண்டு," என்றேன்.

"சென்டிமீட்டர்தானே?"

"பின்ன என்ன, மைலா?"

"உன் வாய்க்கு மட்டும் அளவே கிடையாதுடி," என்றபடி எழுதிக்கொண்டாள்.

அப்பாவின் வாக்கர் அறுபத்தைந்து. தாராளமாக நுழையும். அவளும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அன்று ஞாயிறு. வியாழன் காலை பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாள். இதயம் என்றார் மருத்துவர். அம்மா கேட்டிருந்தால் இன்னொரு மருத்துவரையும் விசாரித்திருப்பாள்.

நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அப்பாவுக்கு இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. பத்து மாதமாக அவர் தெருவில் கால் வைக்கவில்லை. அவரைத் தரைக்கு இறக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நகரத்துக்கு வெளியே திட்டம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு குடியிருப்பில் தரைத்தள வீடுகள் இருந்தன. மூன்று மாதத்தில் அங்கே நான்கு வீடுகள் பார்த்தோம். நான்கையும் அம்மா தள்ளிவிட்டாள். முப்பத்தொன்று ஐந்தாவது.

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் செக்கராக இருந்தவள். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போகும்முன் கடைசியாக அவள் கைக்குத்தான் வரும். ஒரு சட்டைக்கு நாற்பது நொடி. காலர், பித்தான், தோள் தையல், உள்ளே புரட்டி ஒரு பார்வை. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, பிரித்துச் சரிசெய்யும் ஆல்டர் பகுதிக்குத் திருப்பி அனுப்புவாள். ஓய்வு பெற்றபோது ஒரு பெட்டி அம்புகள் வீட்டுக்கு வந்தன. "கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

பால் பாக்கெட்டின் தேதியைக் கடைக்காரர் எதிரிலேயே வாசிப்பாள். என் கல்யாணப் பேச்சு ஒன்று அவள் கேட்ட மூன்றாவது கேள்வியில் முறிந்தது. அதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவள்.

"உங்கப்பாவ மட்டும்தான் செக் பண்ணாம எடுத்துட்டேன்," என்பாள்.

"அதான் கல்யாணமானதிலேர்ந்து ஆல்டர் பண்ணிட்டே இருக்காளே," என்பார் அப்பா.

அந்தக் குடியிருப்பின் வாசலில் பெரிய விளம்பரப் பலகை. சிரிக்கும் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். "இதுல வயசானவங்க ஒருத்தர்கூட இல்ல பாத்தியா? எங்க அனுப்பிட்டாங்க?" என்றாள் அம்மா. உள்ளே வளைந்து வளைந்து போகும் சாலைகள், குச்சி கட்டி நிறுத்திய மரக்கன்றுகள், பாய்போலச் சுருட்டி வந்து விரித்த புல்தரை. ஏரி என்று வரைபடத்தில் நீலமாக இருந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார பெஞ்சுகள் போட்டிருந்தார்கள்.

முதல் நாள் பார்வைக்கு வைத்திருந்த மாதிரி வீட்டுக்குள் எங்களை அழைத்துப் போனார் விற்பனைப் பிரதிநிதி. கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், நல்ல பொறுமைசாலி. அம்மா தன் பையிலிருந்து எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பை எடுத்து அங்கிருந்த கட்டில்மேல் விரித்தாள். நான்கு பக்கமும் விரிப்பு தரையில் புரண்டது.

"தம்பி, இதுல படுக்கறவங்க காலக் கழட்டி வச்சுட்டுப் படுக்கணுமா?"

"அது டிஸ்ப்ளேக்குப் போட்டதுங்கம்மா."

"ரூம் பெருசாத் தெரியணும்னு கட்டில வெட்டியிருக்கீங்க. உள்ள ஒரு கதவுகூட இல்லையே, அதெல்லாம் எங்க?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு..."

"பாத்ரூமுக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அதன்பிறகு மாதிரி வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை. விற்கிற வீட்டையே திறக்கச் சொன்னாள். டைல்ஸை நாணயத்தால் தட்டி, அடியில் வெற்றிடம் இருந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பாள். குளியலறையில் ஒரு வாளி தண்ணீர் கொட்டி, வடியும்வரை எண்ணுவாள். ஒன்பதாம் எண்ணில் பதினோரு அம்புகள். அதற்குப் பிறகு எங்களைக் கண்டாலே வாசல் காவலாளி உள்ளே போன் போடுவார். "அம்பு அம்மா வந்துட்டாங்க சார்."

ஒன்பதாம் எண்ணைத் தள்ளியது நியாயம். மற்ற மூன்றிலும் இருந்தவை சில்லறைக் குறைகள்தான். அவற்றைத் தள்ளியது ரசமட்டம்.

அது நாங்கள் வீடு பார்க்கத் தொடங்கும்முன் வாங்கியது. கொத்தனார்கள் தரையின் மட்டம் பார்க்க வைப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் குமிழியும் உள்ள சட்டம். கடைக்காரர் நான்கை எடுத்து மேசைமேல் வைத்தார். மூன்றில் குமிழி நடுவில் நின்றது. நான்காவதில் ஓரமாக ஒதுங்கியது.

"இதக் குடுங்க," என்று நான்காவதை எடுத்தாள் அம்மா.

"மத்தது மூணும் சரியா காட்டுதேம்மா."

"உங்க மேசை கோணல்னு இது ஒண்ணுதான் தைரியமா சொல்லுது. மத்ததெல்லாம் ஆமாம்சாமி."

நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பிறர் கொண்டுவரும் தராசையும் அழுத்தமானியையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அங்கே எல்லா வீடுகளும் ஒரே வரைபடம். அம்மா எப்போதும் ரசமட்டத்தின் எழுத்து தனக்கு நேராகத் தெரியும்படி, ஒரே மாதிரி வைப்பாள். நான்கு வீடுகளின் தரையும் வாசல் பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. "உங்கப்பா வாக்கர் தானா உருண்டு தெருவுக்குப் போயிடும்," என்றாள். ஒரே கம்பெனி, ஒரே தப்பு என்று நானும் தலையாட்டினேன். நான்கும் ஒரே பக்கம், ஒரே அளவு தவறினால் கருவியைப் பார் என்பது என் தொழிலின் முதல் பாடம்.

முப்பத்தொன்றில் அம்மா ஒன்றரை மணி நேரம் தேடினாள். டைல்ஸ் கெட்டியாக ஒலித்தது. தண்ணீர் முப்பது எண்ணுவதற்குள் வடிந்தது. ஜன்னல் கொக்கிகள் பொருந்தின. கடைசியில் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் கிடைக்கலடி. அதான் சந்தேகமா இருக்கு."

பிறகு ரசமட்டத்தை எடுத்து வைத்தாள். குமிழி ஒதுங்கியது. அம்பு ஒன்றைப் பிரித்துக் குனிந்தவள், ஒட்டாமல் நிமிர்ந்தாள். அதைக் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டாள்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேம்மா," என்றார் விற்பனைப் பிரதிநிதி. அதாவது பதின்மூன்று நாள்.

பேருந்தில் வீடு திரும்பும்போதும் நகத்தில் அம்பு இருந்தது.

"ஏன் ஒட்டல?"

"இருக்கட்டும்."

அவள் போன எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை. கதவுக்குப் பின்னால் தொங்கிய அவள் பையை இறக்கினேன். நாணயம், நாடா, படுக்கை விரிப்பு. அடியில் ரசமட்டம். அதன் கண்ணாடிக் குழாய்க்கு மேலே, குமிழியைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு.

அப்பாவிடம் காட்டினேன்.

"திங்கக்கிழமை பூரா இத மேசைல வச்சு வச்சுப் பாத்துட்டே இருந்தா," என்றார். "மேசையும் சரியில்லையான்னு கேட்டேன். பேசாம இருங்கன்னா."

சாப்பாட்டு மேசையில் வைத்தேன். குமிழி ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. சட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தேன். குமிழியும் கூடவே திரும்பிச் சமையலறைப் பக்கம் வந்தது. மேசை கோணல் என்றால் குமிழி ஜன்னல் பக்கமே நின்றிருக்கும். கருவி கோணல் என்றால்தான் அதனோடு சேர்ந்து திரும்பும். மேசை நேராக இருந்தது. முப்பத்தொன்றும் நேராகத்தான் இருந்திருக்கிறது. நான் அங்கே அதை ஒருமுறை திருப்பி வைத்திருந்தால் போதும்.

விற்பனைப் பிரதிநிதிக்குப் போன் செய்தேன். அம்மா இல்லை என்று சொன்னதும், எப்போது என்று இரண்டு முறை கேட்டார்.

"முப்பத்தொண்ணு இருக்குங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்."

"எங்களுக்கு வேணும்."

"அம்மா கடைசியா என்ன சொன்னாங்க? அந்த வீட்ல மட்டும் ஒரு அம்புகூட ஒட்டாமப் போனாங்க. எனக்கே பயமாயிடுச்சு."

"ஒண்ணும் கிடைக்கலன்னாங்க."

போனை வைத்ததும் அப்பா கேட்டார். "நாம பாக்கறதுக்கு முன்னாடி அத வேற யாரும் ஏன் வாங்கல?"

"அம்மா மாதிரியே பேசாதீங்கப்பா."

"யாராவது பேசணும்ல பாப்பா," என்றார்.

ரசமட்டத்தை மேசையில் வைக்கும்முன் அதிலிருந்து நான் கழற்றிய ரப்பர் பேண்டுக்குள் அவள் ஒரு சீட்டு மடித்து வைத்திருந்தாள். குடியிருப்பின் பளபளப்பான விளம்பரத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிய வேலைப் பட்டியல். அப்பாவுக்கு மாத்திரை. பால்கனிக்குப் புதுக் கயிறு. மட்டத்தைப் பாப்பாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டையும் கோடு இழுத்து அடித்திருந்தாள். மூன்றாவதை அடிக்கவில்லை.