அம்மாவுக்கு எந்தத் தேர்?

தும்மல்தான் முதலில் வந்தது. ஒன்று, இரண்டு… மூன்றாவது வந்தபோது கையிலிருந்த பேனா கீழே போய் விழுந்தது.

பக்கத்து வீட்டில் தனியாவையும் மிளகாயையும் வறுக்கிறார்கள். கத்திரிக்காய் கொத்சுக்குத்தான். வேறு எதற்கும் இந்தக் காரம் இப்படிச் சுவரேறிக் குதித்து வராது. கடலூரில் உட்கார்ந்திருந்த என்னை அந்த வாசனை அலாக்காகத் தூக்கி, பஸ் டிக்கெட்கூட வாங்காமல், சிதம்பரத்தில் அம்மாவின் அடுப்படியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

போன வாரம்தான் அங்கே இருந்தேன். ஆனித் தேர். அம்மாவின் பிறந்தநாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களில் சிலர் இப்போது நெற்றியைச் சுருக்குவீர்கள். 'டிசம்பரிலும் அம்மா பிறந்தநாள் என்றுதானே எழுதினீர்கள்?' எழுதினேன். தப்பில்லை. என் அம்மாவுக்கு வருஷத்துக்கு இரண்டு பிறந்தநாள்!

காரணம் எளிமையானது. அம்மா தேரன்று பிறந்தவள். தன் பிறப்பைப் பற்றி அவள் எங்களுக்குச் சொன்ன ஒரே தகவல் அது. குமராட்சிப் பக்கம், வயலுக்கு நடுவே ஒரு கூரை வீட்டில், ஆறாவது பெண் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? தேர் என்று மட்டும் மனசில் நின்றது. ஆனால் சிதம்பரத்தில் தேர் இரண்டு முறை ஓடுகிறதே… ஆனியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. இதில் அம்மாவுக்கு எது?

"தெரியலயே. எதுக்கு வம்பு, ரெண்டயும் வெச்சுக்குவோம்" என்று எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

அவளுடைய பிறந்தநாளில் கேக் உண்டு, பாயசம் உண்டு, சம்பா சாதமும் கொத்சும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல் ஊதல் உண்டு. தேர்க் கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஊதல். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை வாங்குவாள். தெற்கு வீதி முனையில் தேர் திரும்பும்போது எல்லோரும் ஊத வேண்டும். வயது வித்தியாசம் கிடையாது. ஐம்பதைத் தொடப்போகிற என் அண்ணனுக்குப் போன முறை பச்சைக் கலர்.

பிரச்சினை அண்ணனிடமிருந்துதான் வந்தது.

அண்ணன் சென்னையில் ஒரு கம்பெனியில் மற்றவர்களுக்கு லீவு சாங்ஷன் செய்கிற பதவியில் இருக்கிறான். அதனாலேயே தனக்கு லீவு எடுக்கக் கூச்சம். தேருக்கு இரண்டு வாரம் முன்னால் போன் செய்தான்.

"இதோட ஒண்ண நிறுத்திக்கலாம்."

"எத?"

"ரெண்டாவது பொறந்தநாள. அம்மாவுக்குப் பொறந்தநாளுன்னு லீவு கேட்டா, ஆறு மாசம் முன்னாடிதான சார் கேட்டீங்கன்னு சிரிக்கிறானுவ. அதுவும் நட்டநடு வாரத்துல வருது. ஒரு மனுஷிக்கு ஒரு பொறந்தநாளு. ஒலகமே அப்படித்தான் ஓடுது."

"எதண்ணே நிறுத்துவ? எது நெஜமுன்னு யாருக்குத் தெரியும்?"

"புவனகிரி பெரியம்மாவுக்குத் தெரியும். அம்மா பொறந்தப்போ அவுங்களுக்கு எட்டு வயசு. வர்ற வழியில கார்ல ஏத்திக்கிட்டு வரேன். ஆனின்னா ஆனி, மார்கழின்னா மார்கழி. இன்னொண்ணு கட்."

இத்தனை வருஷமாக ஏன் யாரும் பெரியம்மாவைக் கேட்கவில்லை? தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அம்மாவின் அக்காக்களில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து எங்கும் வருவதில்லை. நாம் போய்ப் பார்த்தால், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது.

விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன். மெதுவாகக் கேட்டாள்:

"அக்காவுக்கு இப்ப காது கேக்குதாமா?"

"மெஷின் வெச்சிருக்காங்களாம்மா."

"ஓ…"

அந்த 'ஓ'வில் நான் அம்மாவின் முழுப் பயத்தையும் கேட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு அண்ணன் போவது அண்ணியின் வீட்டுக்கு. பொங்கலுக்கு நான் போவது என் மாமியார் வீட்டுக்கு. பண்டிகை என்றால் சம்பந்திகளும் பங்குக்கு வந்துவிடுவார்கள். பிறந்தநாள் அப்படியா? 'உங்க அம்மா பொறந்தநாளுக்குப் போக வேணாம்' என்று எந்த மருமகள் சொல்வாள், எந்த மருமகன் சொல்வான்? அப்பா போன பிறகு அந்த வீடு வருஷத்தில் இரண்டே இரண்டு நாள்தான் நிறைகிறது. அதில் ஒன்றைப் பிடுங்கப் போகிறார்கள்.

ஆனியா மார்கழியா என்றால், மார்கழியை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

ஏனென்றால், அந்த 2004 மார்கழி. எங்கள் வீட்டிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை நடக்கிற தூரம்தான். என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் அவள் அப்பா தோளில் ஏறி உட்கார்ந்து அலை பார்க்கக் கிளம்பிவிடுவாள். அந்த ஒரு ஞாயிறு மட்டும் போகவில்லை. அம்மா பிறந்தநாளுக்கு வந்தவர்கள், தேருக்கு மறுநாள் தரிசனத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று சிதம்பரத்தில் தங்கிவிட்டோம். கடல் ஊருக்குள் வந்த அந்த நேரத்தில் யாழினி அம்மாவின் மடியில் உட்கார்ந்து சிவப்பு ஊதலை ஊதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மார்கழித் தேரைப் பற்றி என் கணவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு வாரம் முன்பே துணி எடுத்து வைத்துவிடுவார்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன்.

தேர் வந்தது. ஆனி வெயில் தெற்கு வீதி முழுக்கக் கொட்டிக் கிடந்தது. வடம் பிடித்தவர்களின் முதுகுகள் பளபளக்க, கூட்டமே ஒரு பெரிய மூச்சாக இழுக்க, முட்டுக்கட்டையை நெருக்கித் தள்ளிக்கொண்டு சக்கரம் கிரீச்சென்று திரும்பியது. மரம் உறுமுகிற அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை… அடிவயிற்றில் கேட்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப் போய் வடத்தில் கை வைத்துவிட்டு வந்தாள். எழுபதை நெருங்குகிறவள் ஓடினாள்! நாங்கள் ஊதினோம். அண்ணனும் ஊதினான், அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு. கூட்டத்துக்குப் பயந்து பெரியம்மா மட்டும் வீட்டிலேயே காதில் மெஷினோடு காத்திருந்தார்.

பந்தி போட்டோம். அப்போது பார்க்க வேண்டும் அம்மாவின் உபசாரத்தை! பெரியம்மாவின் இலையில் கொத்சு குறைவதற்குள் அடுத்த கரண்டி. வாய் காலியாவதற்குள் அப்பளம்.

"அக்கா, இன்னும் கொஞ்சம் பாயசம்."

"போதும்டி பவுனு. வயிறா இது, வண்ணான் சாலா?"

"பேசாம சாப்புடுக்கா. சாப்புடும்போது பேசக் கூடாது."

அண்ணன் விடுவானா? இலையை மூடியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெரியம்மாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். என் கணவர் அவன் காதருகே குனிந்தார்.

"மச்சான், வேணாம் மச்சான். நல்லாத்தான போய்க்கிட்டு இருக்கு."

"நீங்க சும்மா இருங்க மாப்ள. பெரிம்மா! எங்கம்மா பொறந்தது ஆனித் தேரா, மார்கழித் தேரா?"

அம்மா கையில் பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பெரியம்மா மெஷினைத் திருகினார். அது ஊய் என்று கத்தியது. இன்னொரு முறை திருகினார்.

"என்னா கேட்ட?"

"எந்தத் தேர் அன்னிக்கு பெரிம்மா எங்கம்மா பொறந்தது?"

"தேரா? எந்தத் தேரு? பவுனு எங்கடா தேருக்குப் பொறந்தா?"

அண்ணன் வாய் திறந்தபடி இருந்தது. பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, அறுபது வருஷத்துக்கு மேல் பின்னால் போனார்.

"அது புரட்டாசி மூணாஞ் சனிக்கெழம. கொள்ளிடத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டுத் தண்ணி போவுது. மருத்துவச்சி இந்தாண்ட வர முடியல. வெந்நி வெச்சுக் குடுத்தது நானு. தேராம்ல தேரு!"

"அப்ப தேருன்னு யாரு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்."

பெரியம்மா சொன்னதை என் பாஷையில் சுருக்கிச் சொல்கிறேன். அம்மாவுக்கு ஆறு வயது இருக்கும். ஊரில் வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று பாயசம் கொடுத்தார்களாம். அதைக் குடித்துவிட்டு வந்து, 'எனக்கு எப்போ?' என்று அம்மா அழுதிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. கேட்டதையே கேட்டு, அழுததையே அழுது… ஆறு பெண்கள் இருந்த வீட்டில் யார் பாயசம் வைப்பார்கள்? அந்த வாரத்தில் வண்டி கட்டிக்கொண்டு குடும்பமே சிதம்பரத்துக்குத் தேர் பார்க்க வந்தது. மேளம், புதுத் துணி, ஊதல் சத்தம், ஊரே திரண்டு நிற்கிற கூட்டம். 'எதுக்குக்கா இவ்ளோ பேரு?' என்று அம்மா கேட்டாள். இடுப்பில் அவளைத் தூக்கி வைத்திருந்த பதினாலு வயது அக்கா சொல்லிவிட்டாள்: 'ஒனக்குப் பொறந்தநாளு, அதான்.' கையிலிருந்ததைக் கொடுத்து ஓர் ஊதலும் வாங்கித் தந்தாள்.

"அப்ப அது எந்தத் தேரு?" அண்ணன் விடவில்லை.

"மொத தடவ மார்கழி. அப்புறம் ஆனிக்கு வந்தப்போ, 'இன்னிக்கும் எனக்காக்கா'ன்னு கேட்டுது. ஆமான்னேன். இல்லன்னா அழுவுமே?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பானேன்? அழுகிற தங்கையைச் சமாதானப்படுத்த ஒரு சின்னப் பெண் சொன்ன பொய்… அது அத்தனை வருஷம் நடந்து வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மூன்று பேரையும் சிதம்பரத்தில் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. என் கணவரைப் பார்த்தேன். அவர் யாழினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அம்மா பக்கம் திரும்பினான்.

"ஒனக்குத் தெரியுமாம்மா இது?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். "கல்யாணத்துக்கு மொத நாளே அக்கா சொல்லிட்டா."

"அப்ப ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? ஒரு வருஷமாச்சும் தேரு ஓடாம இருந்துச்சா?"

மற்றவர்களின் லீவு லெட்டரில் நூறு ஓட்டை கண்டுபிடிக்கிற அண்ணன் இதிலும் ஓர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில்தான் யாழினி புகுந்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"ஆனி ஒண்ணு, மார்கழி ரெண்டு, புரட்டாசி மூணு. ஹை! ஆயாவுக்கு மூணு பொறந்தநாளு!"

"ஏய், அப்படியில்லடி… ரெண்ட ஒண்ணா ஆக்கத்தான்டி மாமா வந்தேன்" என்று அண்ணன் ஆரம்பித்தான். யார் கேட்டார்கள்? அவன் பிள்ளைகளே ஊதலை எடுத்துவிட்டார்கள். வீடே ஊதியது. பெரியம்மா மெஷினைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நிம்மதியாகச் சிரித்தார்.

அவரவருக்குச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது. ஆனால் தான் பிறந்ததற்காக ஊரே திரண்டு வந்து வடம் பிடிக்கிறது என்று ஒரு நாளாவது நம்பிய குழந்தை… அது எழுபது வயதிலும் வெயிலில் செருப்பில்லாமல் ஓடும் போலிருக்கிறது!

சாயங்காலம் கார் கிளம்பியது. பின் சீட்டில் பெரியம்மா, மடியில் ஒரு தூக்கு கொத்சு. அண்ணனின் சட்டைப் பையில் ஊதல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை மஞ்சள் கலர்.

"மூணு தடவையெல்லாம் லீவு போட முடியாதும்மா. சொல்லிட்டேன்" என்றான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

அம்மா ஜன்னலில் கை வைத்தாள். முகத்தில் ஒரு பாவமும் இல்லை.

"யாரு ஒன்ன லீவு போடச் சொன்னது? புரட்டாசி மூணாஞ் சனி, எல்லா வருஷமும் சனிக்கெழமதான தம்பி வருது?"