சைக்கிளில் வந்த பேச்சுக்கால்

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். சைக்கிளில்.

சரியாகச் சொன்னால், மாப்பிள்ளைதான் சைக்கிளில் வந்தார். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் காரில் வந்தார்கள். கூடவே ஒரு கூலர் பெட்டி நிறையக் கட்லட்டும் மீன் அடைத்த பணிசும். நம்மவர்கள் மொன்றியலை விட்டு வெளியே காலடி வைத்தால் கட்லட்டும் சேர்ந்தே கிளம்பும், தெரிந்ததுதானே?

ஏற்பாடு என்னுடையது. சேலை கட்டி, தேநீர்த் தட்டோடு வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்தால் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? புவாண்ட்-கிளேரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு பொருள் உறுதியானதா என்று அதனிடமே கேட்க மாட்டோம். அழுத்திப் பார்ப்போம். மனிதருக்கு மட்டும் ஏன் தேநீர்?

ஆகவே இந்தக் கலியாணப் பேச்சுக்கால் வந்ததும் இடத்தை நான் சொன்னேன்: சென்-ஜெரோம். மொன்றியலுக்கு வடக்கே, மலைப்பக்கமாகப் போகும் பழைய ரயில் பாதை அங்கே தொடங்குகிறது. தண்டவாளத்தை எப்போதோ கழற்றிவிட்டு, தார் போட்டு, சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். வழியில் சின்னச் சின்ன ஊர்கள். பழைய ஸ்டேஷன்கள் அப்படியே நிற்கின்றன... ரயில் வராது, கழிப்பறை உண்டு.

திட்டம் இதுதான். மொன்-றோலான் வரை இருபத்தைந்து கிலோமீட்டர், அதே வழியே திரும்பல். அம்மாக்கள் காரில் முந்திப் போய், பிரெவோ, பீமோன் ஸ்டேஷன்களிலும் கடைசியில் மொன்-றோலானிலும் எங்களைச் சந்திப்பார்கள்.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மேடு பள்ளம் இருக்குமா என்று.

"ரெயின் ஓடின பாதையம்மா" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை, அது எனக்குத் தெரியும்.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் ஏற்றத்தை நீட்டி, நீட்டி, கண்ணுக்கே தெரியாதபடி பரப்பிவிடுவார்கள். பாதை தட்டை என்று கண் சொல்லும். முழங்கால் வேறு சொல்லும். முன்பு என்னோடு வந்த தோழிகளைக் கவனித்திருக்கிறேன். ஒருத்தி காற்றைத் திட்டினாள். இன்னொருத்தி காலைச் சாப்பாட்டை. மூன்றாமவள் என்னை. ஒருவரைப் படிக்க இதைவிட நல்ல கருவி உண்டா?

கைப்பேசியில் பட்டியலும் தயார். ஒன்று: எதைக் குறை சொல்கிறார்? இரண்டு: முன்னால் ஒரு பெண் போவதைத் தாங்குகிறாரா? இப்படிப் பன்னிரண்டு. மீதியைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

நிரோஷன் லவாலில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறார். தம்பியின் சைக்கிளை இரவல் வாங்கி வந்திருந்தார். தம்பிக்குத் தலை பெரிது போல — ஹெல்மெட் ஒரு காதுப் பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. முதல் அரை மணி நேரம் நன்றாகப் பேசினார். என் வேலையைப் பற்றிக் கேட்டார், பதிலையும் கேட்டார். ஐந்தாவதற்குச் சரி போட்டேன்.

பிறகு மூச்சு குறுகியது. பிரெவோவுக்கு முன்பே இரண்டு தரம் இறங்கி, பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். பிரேக் உரசுகிறதாம். வாகனத்தைக் குறை சொல்பவர், என்று குறித்துக்கொண்டேன். ஏற்றம் என்று நான் சொல்லவில்லை.

பிரெவோ ஸ்டேஷன் வாங்குப் பலகையில் அம்மாக்கள் கடை விரித்திருந்தார்கள். வருங்கால மாமி நீட்டும் கட்லட்டை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எந்த யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்கு உண்டு? மூன்று சாப்பிட்டார். என் பரிசோதனையில் இந்தச் சுமையை நான் சேர்த்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பிரேக் பேச்சே இல்லை. பாதையோரம் ஓடும் ஆற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு வந்தார். 'இயற்கை ரசனை' — ஒரு சரி. இடையில் ஒரு கேள்வி மட்டும், இந்தப் பாதை எனக்குப் பழக்கமா என்று. நாலைந்து தரம் வந்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றுவிட்டு மிதித்தார்.

பீமோனில் இன்னும் இரண்டு கட்லட், ஒரு மீன் பணிஸ். ஸ்டேஷனைத் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், நான்கு சக்கரச் சைக்கிளில் பாதையின் நடுவே வளைந்து வளைந்து போனாள். நிரோஷன் மணி அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. என்னையும் கையால் மறித்தார். அவள் எல்லோரையும் வென்றுகொண்டு போவதாக நினைக்கிறாள், கெடுக்க வேண்டாம் என்றார்.

அந்த இடத்தில் என் பட்டியல் கொஞ்சம் ஆட்டம் கண்டது. இந்தப் பேச்சுக்கால் பொருந்தினால் நல்லது என்று முதல் தடவையாக நினைத்தேன்.

மொன்-றோலானுக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அவர் வெகுநேரம் கழித்து வந்தார். முகம் சிவந்து, சட்டை நனைந்து, வாங்கில் விழுந்தமாதிரி உட்கார்ந்தார். என் அம்மாவுக்கு இரகசியக் குரல் என்று ஒன்று கிடையாது. அவருடைய அம்மாவைப் பார்த்து நேரே கேட்டார்:

"அக்கா, தம்பிக்கு நெஞ்சு வருத்தம் ஏதும் இருக்கோ?"

ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அவன் நல்ல சுகமாகத்தான் இருக்கிறான் என்றார்.

இந்தக் கேள்வி இங்கே நிற்காது. நாளைக்குப் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைகளில் கத்தரிக்காயோடு சேர்ந்து நிறுக்கப்படும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சேரும்போது அந்த நெஞ்சுக்கு ஆப்பரேஷனே முடிந்திருக்கும். என் வீட்டுப் பேச்சுக்கால் மட்டுமா போகும்? இனி அவருக்கு வருகிற எல்லாமே போகும். எல்லாம் என் பட்டியலால்.

"அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்த வழி முழுக்க ஏத்தம். தெரிஞ்சுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றேன்.

அம்மா பாதையைக் குனிந்து பார்த்தார். "எங்கயடி ஏத்தம்? தட்டையாத்தானே கிடக்கு. ரெயின் ஓடின பாதை எண்டெல்லே சொன்னனீ!"

வாங்கிலிருந்து நிரோஷனின் குரல் வந்தது. "ஏத்தம்தான் அன்ரி. ஆறு எங்களுக்கு எதிராத்தானே ஓடி வருது."

நான் திரும்பிப் பார்த்தேன். எப்போது கண்டுபிடித்தாராம்? பிரெவோ தாண்டியதும். அப்படியானால் ஏன் கேட்கவில்லை?

"நீங்கள் எப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு வந்தனான். பதினேழு கிலோமீட்டராப் பாத்தனான்."

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்ததாம். பீமோனில் கட்லட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டாராம்.

'இயற்கை ரசனை'க்குப் போட்ட சரியை அங்கேயே அழித்தேன்.

திரும்பும் வழி முழுக்க இறக்கம். மிதிக்கவே தேவையில்லை. அம்மாக்கள் வழியில் ஒரு பேக்கரியைக் கண்டு இறங்கியதால் எங்களுக்குப் பிறகுதான் சென்-ஜெரோமுக்கு வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்ற நிரோஷனைப் பார்த்ததும் அம்மாவின் தீர்ப்பு மாறியது. தம்பி நல்ல பலசாலியாம், காலையில் வயிறுதான் ஏதோ செய்திருக்கிறதாம்.

அதே மனிதர், அதே சைக்கிள், வயிற்றில் அதே கட்லட்.

நாம் ஆட்களை அளப்பதே இப்படித்தானோ? வந்து ஐந்து வருடத்தில் வீடு வாங்கியவர் கெட்டிக்காரர். இருபது வருடமாக இரண்டாம் மாடி வாடகை வீட்டில் இருப்பவர் சோம்பேறி. அவரவர் வழியில் ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று யாராவது எட்டிப் பார்த்தோமா?

வருகிற ஞாயிறு மறுபடியும் போகிறோம். இந்த முறை பாதையை அவர்தான் தெரிவு செய்திருக்கிறார். மேடு பள்ளம் இருக்குமா என்று கேட்டேன்.

"ரெயின் ஓடின பாதை" என்கிறார்.