எழாத கிடேரி

கால்நடை மருத்துவம் படிக்கச் சேர்ந்ததிலிருந்தே எனக்கு மாடுதான். கூடப் படித்த பெண்கள் பலரும் கோவையில் நாய், பூனைகளுக்குக் கிளினிக் வைப்பதைப் பற்றியே பேசுவார்கள். அப்பாவுக்கும் அதுதான் ஆசை. மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று அம்மாவிடம் புலம்புவார்.

கடைசி வருடப் பயிற்சிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் போட்டார்கள். ஒரு காலையில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் வந்து, தன் கலப்பினக் கிடேரி முதல் கன்றைப் போட முடியாமல் முந்தின நாள் மாலையிலிருந்து முக்கிக்கொண்டு கிடப்பதாகச் சொன்னார். மருந்தக டாக்டரும் நானும் போனோம். கன்று உள்ளேயே செத்திருந்தது. தலை பின்னால் மடங்கிச் சிக்கியிருந்தது. டாக்டரின் பருமனான கை உள்ளே திரும்பவில்லை. என் கை போயிற்று. அறுக்கும் கம்பியைக் கன்றின் கழுத்தைச் சுற்றி நான் மாட்ட, அவர் வெளியிலிருந்து இழுத்து அறுத்தார். தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் எடுத்தோம். மாடு பிழைத்தது. இதற்குத்தான் வந்தேன் என்று பெருமையாக இருந்தது.

மாடு எழவில்லை. இடுப்பு நரம்பு நசுங்கியிருந்தது. தினமும் புரட்டிப் போட்டு, அடியில் வைக்கோல் பரப்பினால் எழ வாய்ப்புண்டு என்றார் டாக்டர். தோப்புக்காரர் எல்லாவற்றுக்கும் சரிங்க என்றார். வைக்கோல் மட்டும் போடவில்லை. மருந்தக வேலை முடிந்ததும் நானே போய்ப் புரட்டுவேன். இடுப்பிலும் முட்டியிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. வலியில் பல்லை நறநறவென்று கடிக்கும். அப்படியும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் கையை நக்கும்.

ஒருநாள் போனபோது மாடு கிடந்த கட்டுத்தரை முன்னால் டெம்போ நின்றது. இரண்டு பேர் பின்னங்கால்களில் கயிறு கட்டி மாட்டைப் பலகைமேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடி பலகையில் உரசிக் கிழிந்தது. மாடு வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. டாக்டருக்குப் போன் செய்து, ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடலாமா என்று கெஞ்சினேன். மாட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும் என்றார். தோப்புக்காரரிடம் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை.

"ஊசி போட்டா கறிக்கு ஆகாதுங்களே, அம்மணி. அன்னிக்கு நீங்க காப்பாத்திக் குடுத்ததாலதானுங்க இன்னிக்கு உசுரோட ஏத்த முடியுது. செத்திருந்தா ஒருத்தனும் வாங்கமாட்டானுங்க."

கேலி இல்லை. மனதார நன்றி சொன்னார். உள்ளே திரும்பி, டாக்டரம்மாவுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

டெம்போ பாலக்காட்டு ரோட்டில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். காப்பி வந்தது. குடித்தேன். அவர் இன்னொரு கிடேரியைக் காட்டி, இதுவும் பருவத்துக்கு வந்துவிட்டது, சினை ஊசிக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார். மறுநாள் வருவதாகச் சொன்னேன். போனேன்.

இப்போது நான் மாட்டு டாக்டர். கன்று சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டால், மாட்டைத் தொடுவதற்கு முன்னால், இது எழாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

"பாத்துக்குவோமுங்க" என்கிறார்கள்.

கையை உள்ளே விடுகிறேன்.