பூச்சுற்றிய கேபிளும் நஸீமாவின் பெயரும்

நஸீமா இறந்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவர் ஆலையின் வாசல் காவலர் நஞ்சுண்டப்பா. ஜூஜுவாடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "அண்ணா, மேடம் ஹோகிபிட்ரு," என்றார் போனில். எந்த மேடம் போய்விட்டார் என்று நான் கேட்கவில்லை. அவர் வாயில் மேடம் என்றால் ஒருவர்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, நாற்பத்தோரு வயதில் போய்விட்டார்.

டீ ஆறுவதற்குள் நம் ஆலை வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகம் ஒரு படம் போட்டது. நஸீமாவின் பழைய அடையாள அட்டைப் புகைப்படம், கீழே "நம் நெட்வொர்க்கின் தூண்" என்று ஒரு வரி. தூணை வெட்டியவர்களே அதற்கு மாலையும் போடுகிறார்கள். உங்களில் பலர் அதன் கீழே கைகூப்பினீர்கள். உங்கள் மேல் குறையில்லை, நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அவர் ஆலைக்கு வந்தபோது நான் மின்பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். அங்கே ஓடிய ஒவ்வொரு கேபிளும் நான் இழுத்தது. நெட்வொர்க்கை மாற்றி அமைக்க ஒரு பெண் வருகிறார் என்றதும் எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. அவர் முதல் நாள் என்னிடம் வந்து, "இந்த ஃபேக்டரில யாரு யாரோட பேசணும்ணா?" என்றார். எல்லா இயந்திரமும் எல்லாவற்றோடும் பேசும், அப்படித்தான் இழுத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எங்க அத்தா மாங்கா மண்டியில கூட லாரி டிரைவர எடை போடற ரூமுக்குள்ள விடமாட்டாங்க. நீங்க கேன்டீன் மெஷின லேத் மெஷின் வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களேண்ணா."

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. பிறகு நானே போய், இதை எப்படிக் கற்பது என்று கேட்டேன். சொல்லித்தர மாட்டேன் என்றார். நீங்கள் வரையுங்கள், நான் உடைக்கிறேன் என்றார். பழைய பொருள் கிடங்கிலிருந்து மூன்று நெட்வொர்க் சுவிட்சுகளை எடுத்துவந்து, உணவு இடைவேளைகளில் கட்டிக் கட்டிப் பார்த்தேன். அலுவலகக் கணினிகளை ஒரு வலையாகவும், உற்பத்தி இயந்திரங்களை இன்னொரு வலையாகவும் பிரித்து, நடுவில் காவலுக்கு ஃபயர்வாலை நிறுத்தி வரைந்து கொண்டுபோவேன். அவர் தாளின் ஓரத்தில் விரலை வைப்பார். "நான் இப்ப திருடி. கேன்டீன்ல கார்டு தேய்க்கற மெஷினுக்குள்ள பூந்துட்டேன். எங்க போகலாம் சொல்லுங்க." விரல் ஊர்ந்து ஊர்ந்து எப்படியோ இயந்திரக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பதினோராவது வரைபடத்தில்தான் அந்த விரல் பாதியில் நின்றது. ஐம்பத்தாறு வயதில் யாரும் எனக்குக் கைதட்டவில்லை, அவரும் தட்டவில்லை. "இப்ப ஏன் நின்னுச்சுன்னு எழுதி வைங்க," என்றார், அவ்வளவுதான்.

அவருடைய வேலைமுறை ஓர் அட்டவணை. யார், யாரோடு, ஏன் என்று மூன்று கட்டங்கள். கேன்டீன் கார்டு இயந்திரத்தில்தான் அது தொடங்கும். ஆள் கவனிக்காத இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பார். மூன்றாவது கட்டத்தில் காரணம் எழுத முடியாத வழி எதுவானாலும் மூடப்படும், கேட்பவர் மேலாளரானாலும். அப்படித்தான் நம் ஆலையின் நெட்வொர்க் பிரிந்தது. ஒன்று மட்டும் மீதமிருந்தது. பயன்படாமல் கிடக்கும் சாக்கெட்டுகளையும் அடைத்துவிட வேண்டும் என்று எழுத்தில் அனுமதி கேட்டார். தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது.

தீபாவளிக்கு முன்னால் ஆயுதபூஜை வந்தது. நஸீமா அன்று மருத்துவப் பரிசோதனைக்காகப் பெங்களூரில் இருந்தார். இயந்திரக் கூடத்துப் பூஜையை அத்திப்பள்ளியில் இருக்கும் நம் இரண்டாவது ஆலைக்காரர்களும் அலுவலக டிவி வழியாகப் பார்க்க வேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டார். கூடத்துக் கேமரா இயந்திர வலையில் இருந்தது, டிவி அலுவலக வலையில் இருந்தது. "பத்து நிமிசம் பெரியவரே, ஒரு கேபிள் போடுங்க," என்றார். போட்டேன். ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு, இரண்டு சுவிட்சுகளிலும் அடைக்காமல் கிடந்த சாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் கேபிள். நான்தான் போட்டேன். இதை எங்கேயும் நான் மாற்றிச் சொன்னதில்லை.

பூஜை செய்தவர்கள் சுவிட்ச் அலமாரிக்கும் சந்தனம் வைத்து, அந்தக் கேபிளையும் சேர்த்துப் பூச்சரம் சுற்றி, குங்குமம் இட்டார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடக்கூடாது. மறுநாள் என்னை அவசர வேலைக்கு அத்திப்பள்ளிக்கு அனுப்பினார்கள். பூச்சுற்றிய கேபிளைப் பிடுங்க மற்றவர்களுக்குக் கை வரவில்லை; திரும்பி வந்த நானும் பிடுங்கவில்லை, நஸீமாவிடம் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து, கணக்குப் பிரிவில் யாரோ திறந்த ஒரு மின்னஞ்சலிலிருந்து வைரஸ் அந்த வழியாகவே போய் இயந்திரங்களைப் பூட்டியது. நான்கு நாள் உற்பத்தி நின்றது.

விசாரணையில் நான் எழுதிக் கொடுத்தேன். கேபிள் போட்டது நான், போடச் சொன்னவர் மேலாளர், நஸீமா அன்று ஊரிலேயே இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கவில்லை. நெட்வொர்க் பொறுப்பாளரின் கவனக்குறைவு என்று அறிக்கை முடிந்தது. சாக்கெட்டுகளை அடைக்க அவர் அனுமதி கேட்ட கடிதமும் அதில் இல்லை. அவரிடம் ராஜினாமா வாங்கினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைகூடக் கிடையாது. என்னைத் தண்டித்தால் மேலாளர் பெயரும் வெளியே வருமே.

அவர் கிளம்பிய நாளில், சண்டை போடும்மா, நான் சாட்சிக்கு வருகிறேன் என்றேன். "நீங்க எழுதிக் குடுத்துட்டீங்கண்ணா. மறைச்சது அவங்க," என்றார். பிறகு கோபமாகவே கேட்டார்: "பூ காஞ்சப்புறமாச்சும் ஏண்ணா புடுங்கல?"

அந்த அறிக்கை அவருக்கு முன்னால் ஓசூர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்த ஆலையும் அவரை எடுக்கவில்லை. கடைசி நான்கு வருடம் கிருஷ்ணகிரியில் கடைகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுத்தார். ஒரு ஜவுளிக்கடையில் ஏணி மேல் நின்றவரை நான் பார்த்தேன். கடைக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். இவரோ மேலேயிருந்தபடியே, இந்தக் கேமரா யாரோடு பேச வேண்டும், ஏன் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே சமயத்தில் அத்திப்பள்ளி ஆலைக்குப் புதிய நெட்வொர்க் வந்தது. வெளியிலிருந்து வந்த ஆலோசகரின் பெயர் போட்ட வரைபடத்தை என்னிடம் கொடுத்துக் கேபிள் இழுக்கச் சொன்னார்கள். கூடவே ஓர் அட்டவணை, அதே மூன்று கட்டம். முதல் வரி, கேன்டீன் கார்டு இயந்திரம். கேன்டீனில் தொடங்கும் வேறு ஆள் மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இது நஸீமாவுடையது என்று அந்தத் தாளிலேயே எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை என்னை அந்தப் பக்கம் அனுப்பவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆலையில் இரங்கல் கூட்டம். எனக்கு இரண்டு நிமிடம் தந்திருக்கிறார்கள். நல்லதை மட்டும் பேசுங்கள் பெரியவரே என்று மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் போனில் சொன்னார். நல்லதைத்தான் பேசப்போகிறேன்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த மூன்றாவது கட்டம். 'ஏன்' என்று கேட்காமல் இப்போது என்னால் ஒரு ஒயரைக்கூடச் செருக முடிவதில்லை. என் தவறு என்று இருப்பது, வைரஸ் வந்த அன்று நான் பிடுங்கிய மஞ்சள் கேபிள். சரத்தின் நார் இன்னும் அதில் சிக்கியிருக்கிறது, குங்குமமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வருவேன். நீங்கள் பூப்போடும் இடத்தில், அவர் படத்துக்கு முன்னால் வைப்பேன். பக்கத்தில் அந்த அறிக்கையின் நகலையும் வைத்து, அதில் நஸீமா என்ற பெயர் ஏன் இருக்கிறது என்று கேட்பேன். காரணம் சொல்ல முடியாவிட்டால் அவர்கள் அதை எடுத்தாக வேண்டும். எடுக்கும்வரை நான் உட்காரப் போவதில்லை.