அண்ணி கழற்ற மறுத்த போல்ட்

என் அண்ணியைத் தேடி வருகிறவர்கள் அவள் பெயரைக் கேட்பதில்லை. துரு அக்கா ஷெட் எது என்றுதான் கேட்பார்கள். பழைய கார்களின் அடியில் துருவேறி இறுகிப்போன போல்ட்டை வெட்டாமல் கழற்ற இந்த வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. மற்றவர்கள் மல்லுக்கட்டிக் கைவிட்டதெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். சுத்தியல் அடி வாங்கி, தலை மழுங்கி, பார்க்கவே பரிதாபமாக வரும். அதற்கு முன் அந்த வண்டியைத் தொட்ட அத்தனை பேரையும் ஒரு மூச்சு திட்டித் தீர்த்துவிட்டுத்தான் அண்ணி ஸ்பேனரை எடுப்பாள்.

பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவிக் கொடுக்கும் வேலைக்குத்தான் முதலில் ஒரு ஷெட்டில் சேர்ந்தாள். கழுவிக் கழுவியே எந்தப் பாகம் எங்கே தேயும் என்று அவள் கைக்குப் பிடிபட்டுவிட்டது. போல்ட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பாள், எண்ணெய் விட்டு ஊற வைப்பாள், ஊறுகிற வரை வேறு வேலை பார்ப்பாள். பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பாமல், இறுக்குகிற பக்கமாகத் துளி திருப்புவாள். துரு விட்டுக்கொடுத்தால் இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். நெருப்பு காட்டலாமே என்று புத்தி சொல்ல வருகிறவர்களிடம், பக்கத்தில் ரப்பர் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்பாள். அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கோபமே வராத ஒரே ஆள் என் அண்ணன். அதனால்தானோ என்னவோ, எல்லோரும் அவன் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

அண்ணன் ஒரு துணிக்கடை முதலாளியிடம் ஒன்பது வருடம் கார் ஓட்டினான். ஒரு நாள் பட்டப்பகலில் பிரேக் போட்டபோது வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் ஒரு கேட் தூணில் மோதியது. யாருக்கும் அடி இல்லை. வண்டிதான் இழுத்தது என்று அண்ணன் அன்றைக்கே சொன்னான். முதலாளி ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு மாதம் முன்புதான் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை வண்டியோடு பிணைக்கும் ரப்பர் புஷ் இரண்டையும் புதிதாக மாற்றினார்களாம். கீழே கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்காவாக இருந்தது. ஆக, வண்டியில் கோளாறு இல்லை, டிரைவர்தான் தூங்கிவிட்டான். கடை ஆட்கள் முன்னால் இதைச் சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

தெருவில் அதே பேச்சு. உறவிலும் அதே பேச்சு. முத்திரை குத்திய காகிதம் என்றால் எல்லோருக்கும் அவ்வளவு பக்தி. சாப்பாடு பரிமாறும்போதெல்லாம் தூக்கத்தைப் பற்றி நானும் அவனுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அண்ணி வாய் திறக்கவில்லை, ஆனால் அவன் ஓட்டும் ஸ்கூட்டரில் மகளை மட்டும் ஏற்ற மாட்டாள். அதற்கு மேல் அவன் எப்படித் தாங்குவான்? ஆறு மாதத்தில், லேசாகக் கண் அசந்திருப்பேன் போல என்று அவனே சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்கு நடந்தே போனான். ஸ்கூட்டர் சாவியைக் கையால் தொடுவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார் அண்ணியின் ஷெட்டுக்கு வந்தது. யாருடைய ஷெட் என்று முதலாளிக்குத் தெரியாது. புது டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தான். பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறதாம். புஷ் போயிருக்கும் என்று மூன்று ஷெட்டில் சொல்லி, போல்ட்டைக் கழற்ற முடியாமல் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு கொண்டுபோன நான் இதைக் காதால் கேட்டேன். புது டிரைவர் சொன்னால் வண்டிக்குக் கோளாறு, என் அண்ணன் சொன்னால் தூக்கமா?

அண்ணி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்தாள். ஸ்பேனர் போட்டுத் திருப்பினாள். போல்ட் கால் வட்டம் திரும்பி, விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அசைகிறதே என்று புது டிரைவர் சந்தோஷப்பட்டான். திரும்புவது போல்ட் இல்லை, அதோடு ஒட்டிப்போன புஷ்ஷின் உள்குழாயும் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன என்றாள் அண்ணி. பிறகு மேலிருந்த மண்ணைத் துணியால் துடைத்தாள். எழுந்து வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"இது எட்டு மாசத்துக்கு முன்னாடி கழட்டி மாட்டின போல்ட் இல்ல. வண்டி செஞ்சு வெளிய வந்ததுலேருந்து இத ஒருத்தரும் கழட்டினதில்ல."

அவள் முதலாளிக்குப் போன் செய்தாள். நேரம் இல்லை, வெட்டிப் போடு என்றார் அவர். போல்ட் கழற்றியே பேர் வாங்கியவள், அன்று முதல் முறையாகக் கழற்ற மாட்டேன் என்றாள். கழற்றிவிட்டால் அப்புறம் எதையும் நிரூபிக்க முடியாது, நீங்கள் வந்து பார்த்த பிறகுதான் கை வைப்பேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அடுத்து கிடங்குக்குப் போன் செய்து அண்ணனை வரச் சொன்னாள்.

முதலாளி கத்திக்கொண்டேதான் வந்தார். அண்ணனைப் பார்த்ததும் கத்தல் நின்றது. அண்ணி அவரைக் குனிய வைத்து, டார்ச் அடித்துக் காட்டினாள். தொழிற்சாலையில் இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து வண்டிச் சட்டம் வரை இழுத்த மஞ்சள் பெயின்ட் கோடு, பிசகாமல் ஒரே நேராக இருந்தது. இந்த நட்டைக் கழற்றாமல் புஷ் மாற்ற முடியாது, கழற்றியிருந்தால் கோடு விலகியிருக்கும் என்றாள். அவர் கையிலேயே ஸ்பேனரைக் கொடுத்தாள். அவர் திருப்பினார், அது திரும்பி வந்தது. அதன் பிறகுதான் எண்ணெய் விட்டாள். ஊறுகிற வரை ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தாள்.

போல்ட் முழுசாக வெளியே வந்தது. இரும்புக் கையை இறக்கிக் கீழே வைத்தாள். புஷ்ஷின் ரப்பர் முக்கால் வட்டம் கிழிந்து தொங்கியது. பிரேக் போட்டால் சக்கரம் பின்னால் நகர்ந்து வண்டியைத் திருப்பிவிடும் என்று அண்ணி விளக்கினாள். வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டார் முதலாளி. ஒன்பது வருடம் ஓட்டியவன் எதிரில் நிற்கிறான், அந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றியது அதுதான்.

அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. குந்தி உட்கார்ந்து கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப நான் தூங்கலையா?"

அண்ணி கிரீஸ் கையோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லங்க. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நாங்கதான் கேக்கல."